நாற்றுக்குத் தாய் யார்?

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, அருகிப்போன நாட்டு மரங்களை மீட்பவர்கள் எத்தனை நாற்று நட்டோம் என்று எண்ணினால் மட்டும் போதாது, ஒவ்வொரு நாற்றும் எந்த மரத்தின் பிள்ளை என்றும் எழுதி வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சிலருக்குக் கோபம், பலருக்குக் குழப்பம். சரி, இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அழியும் நிலையில் இருந்த ஒரு மரம் இப்போது ஆயிரக்கணக்கில் வளர்ந்து நிற்கிறது என்றால் அது வெற்றிதானே? மரபணு, பன்மை என்றெல்லாம் சொல்லி உழைப்பவர்களின் மனத்தைக் குலைக்கலாமா?
(பல ஆண்டுகளாக மரம் நட்டுவரும் வாசகர்)

உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது, அய்யா. நடுகிறவர்கள் இல்லையென்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் எண்ணிக்கை ஏமாற்றும். அதற்கு பிரிட்டனின் கருப்பு பாப்லர் மரத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆற்றங்கரைச் சமவெளியில் வளரும் பெரிய மரம் அது. ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. பெண் மரத்தின் காய் வெடித்தால் பஞ்சு பறந்து எல்லா இடத்திலும் அப்பும், அதனால் மக்கள் ஆண் மரமாகப் பார்த்துக் கிளையை வெட்டி நட்டார்கள், ஈர மண்ணில் குச்சியை ஊன்றினாலே வேர் பிடித்துவிடும் என்பதால் வேலையும் சுலபமாக இருந்தது. இன்னொரு பக்கம் ஆற்றோரச் சதுப்புகளை வடித்து வயலாக்கிவிட்டதால், விதை விழுந்து முளைக்கத் தேவையான ஈரமான வெற்றுச் சேறு கிடைக்காமல் போனது. தலைமுறை தலைமுறையாக இப்படியே போய், இன்று ஏறக்குறைய 7000 மரங்கள் இருப்பதாகக் கணக்குச் சொன்னாலும் அதில் பெண் மரங்கள் சில நூறுதான். டிஎன்ஏவைச் சோதித்துப் பார்த்தபோது, ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் நிற்கும் மரங்கள்கூட ஒரே மரத்தின் நகல்களாக இருந்தன. நட்ட குச்சி புது மரம் இல்லை, இன்னோர் இடத்தில் நிற்கும் அதே மரம்.

மான்செஸ்டர் நகரத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆலைப் புகையைத் தாங்கும் என்று இதே பாப்லரை அங்கே ஆயிரக்கணக்கில் நட்டார்கள், அவ்வளவும் ஒரே ஆண் மரத்தின் வழி வந்தவை. 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு பூஞ்சை நோய் வந்தது. ஒரு மரத்தால் அதைத் தாங்க முடியவில்லை என்றால் எந்த மரத்தாலும் தாங்க முடியாது என்ற நிலை. தெருத் தெருவாகப் பட்டுப்போயின.

மரபணுப் பன்மை என்று நான் சொல்வது பெரிய தத்துவம் எதுவும் இல்லை. ஒரே இனத்துக்குள் ஒரு மரம் வறட்சியைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், இன்னொன்று பத்து நாள் முந்திப் பூக்கும், மற்றொன்றின் இலையைப் புழு அவ்வளவாகத் தொடாது. நாளைக்கு என்ன நோய் வரும், மழை எப்படி மாறும் என்று நமக்குத் தெரியாது, அதனால் இந்த வேறுபாடுகள் எல்லாமே கையிருப்பில் இருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்து உண்மையையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் 1994-இல் கண்டுபிடிக்கப்பட்ட வொல்லமை பைன், காட்டில் வளர்ந்த மரங்கள் 100-க்கும் குறைவு, அவற்றுக்குள் மரபணு வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை. ஆனாலும் இன்று வரை தாக்குப்பிடித்திருக்கிறது. ஆகவே பன்மை குறைந்தால் நாளைக்கே சாவு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கின் இருப்பிடத்தை ரகசியமாக வைத்து, மண்ணில் வாழும் ஒரு வேர்நோய்க் கிருமி அங்கே தென்பட்டுவிட்டதால் உள்ளே போகிறவர்களின் செருப்பைக்கூடக் கிருமி நீக்கம் செய்து காவல் காக்க வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து ஆள் இப்படிக் காத்தால்தான் பிழைக்கும் என்ற நிலை ஒரு மரத்துக்கு வரவே கூடாது.

கேள்வி: கலப்பினம் என்றால் வீரியம் அதிகம் என்று பள்ளியில் படித்தோம். அப்படியிருக்க, அரிய மரம் ஒன்று பக்கத்து இனத்தோடு கலந்தால் அது பலமாகத்தானே ஆக வேண்டும்? நீங்கள் ஏன் பயமுறுத்துகிறீர்கள்?
(கல்லூரி மாணவி)

நியாயமான கேள்வி, பாடப்புத்தகம் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் அங்கே படித்தது பயிர்களைப் பற்றி. பயிரில் தாய் தகப்பன் இரண்டையும் ஒருவர் தேர்ந்தெடுக்கிறார், முதல் தலைமுறை விதையை மட்டும் விற்கிறார், அடுத்த பருவத்துக்குப் புதிதாக விதை வாங்குகிறோம். காட்டில் தேர்ந்தெடுக்க ஆள் கிடையாது. முதல் தலைமுறைக் கலப்பினம் வீரியமாக வளரலாம், ஆனால் அது அங்கேயே நின்று ஐம்பது நூறு வருடம் பூத்து, தன் மகரந்தத்தைத் திரும்பத் திரும்ப அரிய மரத்தின் மீதே கொட்டும். அந்த வீரியம்தான் சிக்கலே.

ஒரு கணக்குப் போட்டுப் பாரம்மா. அரிய மரம் 10 நிற்கிறது, அதோடு கலக்கக்கூடிய உறவு மரம் 1000 நிற்கிறது. காற்றில் வரும் மகரந்தத்தில் பெரும்பகுதி யாருடையது? அரிய மரத்தின் பூக்களில் பெரும்பாலானவை வேற்று மகரந்தத்தால்தான் சூல்கொள்ளும். அதில் வரும் பிள்ளைகள் மலடாக இருந்தால் அந்த வருடத்து விதைகள் வீண். மலடாக இல்லாவிட்டால் அடுத்த தலைமுறை கலப்பு, அதற்கடுத்தது இன்னும் கலப்பு. இரண்டு வழியிலும் நஷ்டம் சிறிய கூட்டத்துக்குத்தான். அந்த 1000 மரத்துக்கு 10 மரத்தின் மகரந்தம் வந்ததே தெரியாது.

இது வெறும் கணக்கு இல்லை, நடந்துகொண்டிருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சிவப்பு மல்பெரி என்று ஒரு நாட்டு மரம் உண்டு, அந்த நாட்டுச் சட்டப்படி அழியும் நிலையில் உள்ள இனம். பட்டுப்புழு வளர்க்கலாம் என்று ஐரோப்பியர்கள் ஆசியாவிலிருந்து வெள்ளை மல்பெரியைக் கொண்டுவந்து வட அமெரிக்காவில் நட்டார்கள். பட்டுத் தொழில் அங்கே நிலைக்கவில்லை, மரம் நிலைத்துவிட்டது. பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்ப, சிவப்பு மல்பெரி நிற்கும் காட்டோரம் வரை வந்து சேர்ந்தது. அங்கே மரபணுவைச் சோதித்தவர்கள் கண்டது, பார்த்த மல்பெரிகளில் ஏறக்குறைய பாதி கலப்பினங்கள், அவற்றிலும் அதிகமானவை வெள்ளைப் பக்கம் சாய்ந்தவை. சிவப்பு மல்பெரியை யாரும் கோடரியால் வெட்டவில்லை. அதன் பூக்களில் விழும் மகரந்தம் மாறிப்போனதே அதைக் கரைக்கப் போதுமாக இருந்தது.

கலிபோர்னியாவுக்கு அருகே சான்டா கேட்டலினா என்று ஒரு தீவு. அந்தத் தீவில் மட்டுமே வளரும் 'கேட்டலினா மகோகனி' 1897-இல் முதன்முதலில் சேகரிக்கப்பட்டபோது நாற்பது சொச்சம் மரங்கள்தான் இருந்தனவாம். பெயரில்தான் மகோகனி, ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த சின்ன மரம் அது. தீவில் கொண்டுவந்து விட்ட ஆடுகளும் பன்றிகளும் தளிரையும் வேரையும் மேய்ந்து தீர்த்ததில், 1970களின் கடைசியில் மிஞ்சியவை ஏழு. வேலி போட்டார்கள், நாற்றுகள் முளைக்க ஆரம்பித்தன, எல்லோருக்கும் சந்தோஷம். 1980களின் கடைசியில் நொதிகளை வைத்துச் சோதித்தபோதுதான் அந்தச் சிறு கூட்டத்துக்குள்ளேயே, அதே தீவில் ஏராளமாக வளரும் உறவு மரத்தோடு கலந்தவையும் இருப்பது தெரிந்தது. இங்கே உறவு மரம் வெளியூர்ச் சரக்கு இல்லை, அதுவும் அந்தத் தீவுக்காரன்தான், இரண்டும் காலங்காலமாகப் பக்கத்தில் இருந்தவை. அரிய மரம் கூட்டமாக இருந்த வரை அதற்குத் தன் இனத்து மகரந்தம் தாராளமாகக் கிடைத்தது, ஏழாகச் சுருங்கியபோது கிடைக்கவில்லை. என்னை மிகவும் யோசிக்க வைத்தது இந்த மரம்தான். எண்ணிக்கை குறைவதும் கலப்பு கூடுவதும் இரண்டு தனித்தனி ஆபத்துகள் இல்லை, ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வருகிறது.

கேள்வி: அனுபவசாலிகள் இலையையும் பட்டையையும் பார்த்தே இது அசல், இது கலப்பு என்று சொல்லிவிட மாட்டார்களா? எல்லாவற்றுக்கும் ஆய்வகம் வேண்டுமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர்)

முதல் தலைமுறையை நல்ல கண்ணுள்ளவர்கள் பெரும்பாலும் பிடித்துவிடுவார்கள், அய்யா. அது தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவே நிற்கும். அதுவே மீண்டும் அசல் மரத்தோடு இரண்டு மூன்று தலைமுறை கலந்துவிட்டால் கண் தோற்றுப்போகும்.

வட அமெரிக்காவின் பட்டர்நட் இதற்குச் சாட்சி, வால்நட் குடும்பத்து மரம். அந்த மரத்தைக் கொல்லும் பட்டைப்புண் நோயை முதலில் பதிவு செய்தது 1967-இல், விஸ்கான்சின் மாநிலத்தில். அதற்கு நூறு வருடம் முன்பே ஜப்பான் வால்நட் அங்கே வந்து, பண்ணைகளில் நட்டு, பட்டர்நட்டோடு கலந்திருந்தது. கலப்பின மரம் நன்றாகக் காய்க்கும், நோயையும் கொஞ்சம் தாங்கும், பார்வைக்கும் பட்டர்நட் மாதிரியே இருக்கும். நோய் பரவிய பிறகு மரத்தைக் காப்பாற்ற நினைத்தவர்கள் என்ன செய்வார்கள்? சுற்றிலும் எல்லாம் பட்டுப்போய் நிற்க, நடுவில் பச்சையாக நிற்கும் ஒன்றைத் தேடிப் போய் அதன் விதையைத்தானே எடுப்பார்கள்? அப்படி ஆசையாகத் தேர்ந்தெடுத்த மரங்களில் பல கலப்பினங்கள் என்று பிறகு தெரிந்தது. நல்ல மரமாகப் பார்த்து விதை எடுப்பது என்ற நம் பழக்கமே நம்மைக் கலப்பின மரத்திடம் கொண்டுபோய் நிறுத்திவிடும், இதை ஆசிரியரான நீங்கள் மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். குருத்துக் கிளையைப் பிளந்தால் நடுவே தெரியும் மென்மையான சோற்றுப் பகுதியின் நிறம், கொட்டையின் வடிவம், இலை உதிர்ந்த தழும்பு என்று பல அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். அவை சந்தேகத்தைக் கிளப்பப் போதும், தீர்ப்புச் சொல்லப் போதாது.

ஆய்வகத்துக்குத் தேவையானது கொஞ்சம் இலைதான், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் போட்டுக் காயவைத்தால் போதும். பூக்கும் மரங்கள் பெரும்பாலானவற்றில் பசுங்கணிகத்தின் (இலைக்குப் பச்சை நிறம் தரும் நுண்ணுறுப்பின்) டிஎன்ஏ தாய் வழியே மட்டும் வரும், பைன் வகைகளில் அது தகப்பன் வழி. உட்கருவின் டிஎன்ஏ இருவரிடமிருந்தும் வரும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் கலப்பு நடந்ததா என்பதோடு, எந்த இனம் தாயாக நின்றது, எந்த இனத்தின் மகரந்தம் வந்தது என்றும் தெரிந்துவிடும்.

கேள்வி: நோயால் அசல் மரம் சாகிறது, கலப்பினம் பிழைக்கிறது. அப்படியென்றால் கலப்பினத்தையே நட்டுவிட்டுப் போகலாமே? செத்த அசலைவிட உயிரோடிருக்கும் கலப்பு மேல் இல்லையா?
(விவசாயி ஒருவர்)

உங்கள் கடைசி வரியோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் 'நட்டுவிட்டுப் போகலாமே' என்ற இடத்தில் நிற்கிறேன்.

அமெரிக்க செஸ்ட்நட் மரத்தின் கதையை முழுதாகப் பார்ப்போம். அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் சுமார் 300 முதல் 400 கோடி மரங்கள் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். ஆசியாவிலிருந்து வந்த செடிகளோடு ஒரு பூஞ்சை வந்து சேர்ந்தது, 1904-இல் நியூயார்க்கில் கண்ணில் பட்டது, ஐம்பது ஆண்டுக்குள் பெரிய மரங்கள் ஏறத்தாழ எல்லாம் போய்விட்டன. வேர் சாகவில்லை. இன்றும் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து, கொஞ்சம் வளர்ந்து, பூப்பதற்கு முன்பே மறுபடி நோய் வந்து பட்டுப்போகும். மீண்டும் துளிர்க்கும்.

சீன செஸ்ட்நட் அந்தப் பூஞ்சையைத் தாங்கும், ஆனால் அது பரந்து வளரும் தோப்பு மரம், காட்டில் மற்ற மரங்களோடு போட்டி போட்டு நெடுநெடுவென உயரும் சுபாவம் அதற்கு இல்லை. இரண்டையும் கலந்தால் பாதிக்குப் பாதி. அதை மறுபடி அமெரிக்க மரத்தோடு கலந்தால் முக்கால் பங்கு, இன்னொரு முறை கலந்தால் எட்டில் ஏழு, அடுத்த முறை பதினாறில் பதினைந்து பங்கு அமெரிக்க மரம். ஒவ்வொரு கட்டத்திலும் நோயைத் தாங்கும் பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குவது. இதற்குப் பின்கலப்பு என்று பெயர். 1983-இல் இதற்காகவே ஓர் அமைப்பு தொடங்கி, பல மாநிலங்களில் தொண்டர்கள் நாற்று வளர்த்து, வேண்டுமென்றே பூஞ்சையை ஏற்றிச் சோதித்து, பொறுமையாக உழைத்தார்கள். அந்தந்தப் பகுதியில் பிழைத்திருந்த அமெரிக்க மரங்களையே தாயாகச் சேர்த்துக்கொண்டார்கள், பன்மை போய்விடக் கூடாது என்பதற்காக. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் நினைத்த அளவுக்கு நடக்கவில்லை. நோயைத் தாங்கும் குணம் இரண்டு மூன்று மரபணுக்களில் இருக்கும் என்று நம்பித் தொடங்கினார்கள், மரபணுத் தொகுதியை முழுதாகப் படிக்க முடிந்தபோது அது பல மரபணுக்களில் சிதறிக் கிடப்பது தெரிந்தது. அமெரிக்கப் பங்கு கூடக் கூடத் தாங்கும் சக்தி குறைந்தது. இன்னொரு வழியாக, அந்தப் பூஞ்சை சுரக்கும் ஆக்சாலிக் அமிலத்தைச் சிதைக்கிற ஒரு மரபணுவைக் கோதுமையிலிருந்து எடுத்து செஸ்ட்நட்டில் சேர்த்தார்கள். அதில் என்ன ஆனது தெரியுமா? ஒரு வரிசை (மரபணு சேர்த்த ஒரே செடியின் வழி வந்தவை) என்று நினைத்துப் பல ஆண்டு வளர்த்துச் சோதித்து, அனுமதி கேட்கும் கட்டம் வரை போன மரங்கள் உண்மையில் இன்னொரு வரிசையின் பிள்ளைகள் என்று 2023-இல் தெரியவந்தது. டார்லிங் 58 என்று நினைத்தது டார்லிங் 54. அடையாளம் எங்கோ மாறிப்போயிருக்கிறது. ஆய்வகத்திலேயே இது நடக்கும் என்றால், நம் நாற்றங்காலில் சீட்டு இல்லாமல் நாற்று அடுக்குவது எவ்வளவு பெரிய பிசகு என்று நினைத்துப் பாருங்கள்.

ஆக என் பதில் இதுதான். அசல் மரம் காட்டில் தன் காலில் நிற்க வழியே இல்லை என்றால் கலப்பினத்தை வளர்க்கலாம், தெரிந்து, கணக்கு வைத்து, எத்தனை பங்கு என்று எழுதி. அதே நேரத்தில் அசல் மரங்களைத் தனியிடத்தில், கலப்பினத்தின் மகரந்தம் எட்டாத தூரத்தில் காப்பாற்றி வைக்க வேண்டும். நாளைக்கு வேறு வழி பிறந்தால் எடுத்துச் செய்ய மூலப்பொருள் வேண்டுமே. அசல் இன்னும் உயிரோடு நிற்கும் காட்டுக்குள் கலப்பினத்தைக் கொண்டுபோய் நடுவதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன், எவ்வளவு நல்ல எண்ணத்தோடு செய்தாலும்.

கேள்வி: ஒரே இனம், ஆனால் இரண்டு இடங்களில் பிரிந்து நிற்கும் சிறு கூட்டங்கள். அவற்றை ஒன்றோடொன்று கலப்பதும் தவறா?
(தாவரவியல் படிக்கும் வாசகர்)

தவறு என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. சிறு கூட்டத்துக்குள் உறவுக்குள்ளேயே கலப்பு நடந்து நலிந்திருந்தால், தூரத்துச் சொந்தத்தின் மகரந்தம் உயிர் கொடுக்கும்.

டாரி பைன் என்ற மரம் உலகத்தில் இரண்டே இடத்தில் இயற்கையாக வளர்கிறது. ஒன்று கலிபோர்னியாவின் சான் டியாகோ அருகே கடற்கரை, மற்றொன்று கடலுக்குள் இருக்கும் சான்டா ரோசா தீவு. 1983-இல் வெளியான ஆய்வில் 59 மரபணு இடங்களைச் சோதித்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் மரங்களுக்கிடையே வேறுபாடே தெரியவில்லை, கடற்கரை மரத்துக்கும் தீவு மரத்துக்கும் அந்த 59-இல் இரண்டில் மட்டும் வித்தியாசம் இருந்தது. பிறகு இரண்டு கூட்டத்து விதைகளையும் அவற்றின் கலப்புப் பிள்ளைகளையும் ஒரே தோட்டத்தில் வளர்த்துப் பார்த்தபோது, கலப்புப் பிள்ளைகள் இரண்டு பெற்றோரையும்விட நன்றாக வளர்ந்தன. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் அது முதல் தலைமுறை. அடுத்தடுத்த தலைமுறையில், கடற்கரைக்கு ஏற்ற குணமும் தீவுக்கு ஏற்ற குணமும் கலைந்துபோய் இரண்டு இடத்துக்கும் ஒத்துவராத பிள்ளைகள் வரலாம். மரத்துக்கு ஒரு தலைமுறை என்பது பல ஆண்டு, அதனால் பொறுத்துப் பார்க்காமல் காட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம்.

பொறுக்க நேரமே இல்லாத மரங்களும் உண்டு. இத்தாலியின் சிசிலித் தீவில் நெப்ரோடி ஃபிர் என்ற மரம், இயற்கையாக நிற்கும் வளர்ந்த மரங்கள் ஏறக்குறைய 30, அவ்வளவுதான். அவையும் மலைச்சரிவில் சிதறி நிற்பதால் தன் மகரந்தமே தன் பூவில் விழுகிறது, விதைகளில் பெரும்பாலானவை உள்ளீடற்ற பதர். போதாததற்கு மலைப்பகுதியில் காடு வளர்ப்பதற்காக வேறு ஃபிர் இனங்களை நட்டிருந்தார்கள், அவற்றின் மகரந்தமும் வந்து கலக்கிறது. ஒரு பக்கம் தன்னோடு தானே, மறுபக்கம் அந்நியனோடு, இரண்டுக்கும் நடுவே சரியான துணை மட்டும் கிடைப்பதில்லை. அங்கே மனிதர்களே ஒரு மரத்தின் மகரந்தத்தை எடுத்துப்போய் இன்னொரு மரத்தின் பெண் கூம்பில் சேர்த்து விதை எடுக்கிறார்கள். முப்பது மரத்துக்கும் தனித்தனி எண், தனித்தனிப் பதிவு.

கேள்வி: இதையெல்லாம் படித்த பிறகு, காட்டில் காணும் கலப்பின மரங்களையெல்லாம் வெட்டிவிட வேண்டியதுதானா?
(வாசகி)

ஐயோ, வேண்டாம். இப்படி ஒரு கடிதம் வரும் என்றுதான் பயந்தேன்.

கலப்பு இயற்கைக்குப் புதிதல்ல. ஓக் மரங்களும் பாப்லர்களும் மனிதன் வருவதற்கு முன்பிருந்தே கலந்துகொண்டுதான் இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் ஆரன் தீவில் மட்டும் வளரும் ஒயிட்பீம் மரங்கள் சில நூறுதான் இருக்கின்றன, உலகத்தின் மிக அரிய மரங்களில் சேர்த்துச் சொல்வார்கள். அவை பிறந்ததே கலப்பில். ரோவன் என்ற சாதாரண மரமும் பாறை ஒயிட்பீம் என்ற மரமும் கலந்து ஒன்று, அது மறுபடி ரோவனோடு கலந்து இன்னொன்று, அதுவும் மீண்டும் ரோவனோடு கலந்து உண்டானதாக மூன்றாவது ஒன்றை 2007-இல் உறுதிசெய்தார்கள். பெரும்பாலும் கருவுறாமலே விதை வைத்துத் தாயின் நகலாகவே தொடர்கின்றன. 'அசலை மட்டும் காப்போம்' என்ற கோலால் அளந்தால் இந்த மரங்களுக்கு இடமே இருந்திருக்காது. அவற்றைக் காக்க வேண்டும் என்றால் பக்கத்தில் நிற்கும் சாதாரண ரோவனையும் சேர்த்துத்தான் காக்க வேண்டும்.

நான் பார்ப்பது, அந்த இன்னொரு இனத்தை அங்கே கொண்டுவந்தது யார் என்பதைத்தான். தானாக வந்து காலங்காலமாகப் பக்கத்தில் இருந்த இனம் என்றால் கலப்பை விட்டுவிடலாம், அரிய மரத்தின் எண்ணிக்கையைக் கூட்டுவதில் கவனம் வைத்தால் போதும். கேட்டலினா தீவுக்கும் அதுதான் பொருந்தும். நாம் கொண்டுவந்து நட்ட இனம் என்றால், அரிய மரத்துக்கு அருகில் அதைத் தொடர்ந்து நடாமல் இருப்பது முதல் வேலை. அகற்றுவது கடைசி, அதுவும் டிஎன்ஏ பார்த்த பிறகு, அந்த நிலத்துக்குப் பொறுப்பான வனத்துறை முடிவெடுத்துச் செய்ய வேண்டியது. கண்ணால் பார்த்துக் கலப்பு என்று வெட்டிய மரம், கடைசியில் அசலாக இருந்துவிட்டால் யாரால் திருப்பித் தர முடியும்?

கேள்வி: அடுத்த விதைப் பருவத்தில் எங்கள் நண்பர்கள் குழு ஓர் அரிய மரத்துக்கு விதை சேகரிக்கப் போகிறது. அனுமதி வாங்கிவிட்டோம். எப்படி எடுக்க வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்லுங்கள்.
(இளைஞர் குழு)

முதலில் என் தவற்றைச் சொல்கிறேன். பல வருடம் முன்பு நானும் இப்படித்தான் போனேன். பாதையோரம் தாழ்ந்த கிளையோடு ஒரு மரம் நிறையக் காய்த்திருந்தது, ஒரே மரத்தில் பை நிரம்பிவிட்டது, சந்தோஷமாகத் திரும்பிவிட்டேன். அந்த நாற்றுகள் அத்தனையும் ஒரு தாய்ப் பிள்ளைகள். அவற்றை ஒரே இடத்தில் அருகருகே நட்டோம். அவை பூக்கத் தொடங்கினால் அண்ணன் தங்கைக்குள்தான் மகரந்தம் பரிமாற வேண்டும்.

ஒரு கூட்டத்திலிருந்து ஏறக்குறைய 50 தாய்மரங்களில் விதை எடுத்தால் அங்கே ஓரளவு பரவலாக உள்ள மரபணு வகைகளில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும் என்பது 1970களிலிருந்து விதை சேகரிப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. உங்கள் மரம் அரியது, 50 கிடைக்காது. 12 இருந்தால் பன்னிரண்டிலும் எடுங்கள். நிறையக் காய்த்த மரத்தில் கொஞ்சமாகவும், குறைவாகக் காய்த்ததில் முடிந்த வரையும் எடுத்து, நாற்றங்காலுக்குப் போகும்போது ஒவ்வொரு தாய்க்கும் ஏறக்குறைய சமமான எண்ணிக்கை வரும்படி பாருங்கள், மிச்சம் காட்டுக்கும் அங்கே தின்று வாழும் உயிர்களுக்கும். பக்கத்துப் பக்கத்து மரங்கள் பெரும்பாலும் நெருங்கிய உறவாக இருக்கும், அதனால் தள்ளித் தள்ளி நிற்பவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள். ஒரு மரத்திலேயே உச்சி, அடி, நான்கு பக்கம் என்று மாற்றி எடுத்தால் தகப்பன்கள் கூடுவார்கள். எல்லா மரமும் ஒருசேரப் பூத்த வருடத்து விதை, ஒன்றிரண்டு மட்டும் பூத்த வருடத்து விதையைவிட மேலானது.

பூங்காவிலோ தாவரவியல் தோட்டத்திலோ தனியாக நிற்கும் மரத்தின் விதையை எடுக்கவே எடுக்காதீர்கள். கைக்கு எட்டும், ஆசை வரும். ஆனால் அங்கே உறவு இனங்களையெல்லாம் வரிசையாக நட்டிருப்பார்கள், அதன் விதை கலப்பாகவோ தன் மகரந்தத்தாலேயே உண்டானதாகவோ இருக்க வாய்ப்பு மிக அதிகம். சாகக் கிடக்கும் கிழட்டு மரம் இருந்தால் அதிலிருந்து குச்சியோ ஒட்டோ எடுத்து வளர்த்து வையுங்கள். அந்த மரத்தின் மரபணு போகாமல் இருக்கும், நல்ல வேலைதான். அப்படி ஒரே மரத்திலிருந்து இருபது செடி வந்தாலும் கணக்கில் அதை ஒரு மரமாகவே எழுதுங்கள்.

ஒவ்வொரு தாய்க்கும் ஓர் எண், தனிப்பை, நாற்றங்காலில் தனித்தட்டு. ஒரு தட்டு கவிழ்ந்து கலந்துவிட்டால் கலந்துவிட்டது என்றே எழுதுங்கள், ஊகித்துப் பிரிக்க வேண்டாம். நடும்போது மட்டும் தாய்களை மாற்றி மாற்றி, ஒரு தாய்ப் பிள்ளைகள் அடுத்தடுத்து வராதபடி நடுங்கள், எந்தக் குழியில் எந்த எண் என்று ஒரு வரைபடமும் வேண்டும். அப்புறம் ஒரு சின்ன விஷயம், அடையாளச் சீட்டில் பேனாவால் எழுத வேண்டாம். வெயிலிலும் மழையிலும் இரண்டு வருடத்தில் மை போய்விடும், பிறகு யாராலும் படிக்க முடியாது. மெல்லிய அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறிக் கட்டுங்கள், அதையே ஒரு நோட்டிலும் பென்சிலால் எழுதி, நோட்டை நாற்றங்காலில் வைக்காமல் வேறோர் இடத்தில் வையுங்கள்.